ஏரி வரைக்கும் எழுநூத்தி அறுபது

அங்க வேணாம் தம்பி, இந்த நாற்காலில உக்காருங்க. ஹாலுக்கு நடுவுல சைக்கிளை நிறுத்திட்டு, மேல ஒரு விளக்கும் போட்டுட்டாரு. வர்றவங்க எல்லாம் சுவத்தை ஒட்டித்தான் உக்காரணும். அவரு குளிச்சிட்டிருக்காரு. பத்திரிகைலேர்ந்து ஆள் வருதுன்னதும் காலைலேர்ந்து ரெண்டாவது தடவையா ஷேவ் பண்றாரு. நேரமாகும்.

என்கிட்டயா? என்கிட்ட என்னத்தக் கேக்கப் போறீங்க? ஆமா, கூடவே போனேன். பதினோரு நாளும் பின்னாடி வேனை ஓட்டிட்டு வந்தது நான்தான்.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் வேலைலேர்ந்து ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தாரா, மூணே மாசத்துல எனக்குத் துணி மடிக்கச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் ஏதோ ஒரு புத்தகம் படிச்சாரு. எரநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன், ஆறு வந்து கடல்ல சேர்ற எடத்துலேர்ந்து கிளம்பி, மலையைத் தாண்டி, அந்தாண்ட இருக்கிற ஏரியைக் கண்டுபிடிச்சானாம். கண்டுபிடிச்சானாம்! அவன் போய்ச் சேந்தப்போ அங்க மீன் பிடிச்சிட்டிருந்தவங்கதான் அவனுக்குச் சோறே போட்டிருக்காங்க. அதுவும் அதே புத்தகத்துலதான் இருக்கு. நான் படிச்சேன். இவரு அந்தப் பக்கத்தைப் பெரட்டிட்டாரு போல.

உடனே அதே வழியில, எழுநூத்தி அறுபது கிலோமீட்டர், சைக்கிள்ல போகணும். கூட ஒரு பல் டாக்டர். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி கண்ணாடி. பாரம் கொறையணுமாம், இவரு பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பாதியா வெட்டினாரு தம்பி. சத்தியமா. அந்தத் தொப்பையை வச்சுக்கிட்டு!

நானா? நான் தபால் குடுத்துட்டிருந்தேன். இருபத்தாறு வருஷம், சைக்கிள்லதான். மழை, வெயில், நாய், எல்லாம் பாத்தாச்சு. மாசமா இருந்தப்போ ஏழாவது மாசம் வரைக்கும் மிதிச்சேன். அதுக்கு யாரும் பேட்டி எடுக்க வரல. இவரு பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை எறங்கி முட்டியில தைலம் தேய்ச்சுக்கிட்டு, மனுஷனோட எல்லை எதுன்னு என்கிட்ட பேசுவாரு. எல்லை எதுன்னு எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. பத்து கிலோமீட்டர்.

சொல்றேன், எழுதிக்கணும்னா எழுதிக்குங்க. ஒம்பதாவது நாள் மலை ஏத்தம். பல் டாக்டர் விறுவிறுன்னு போயே போய்ட்டாரு, திரும்பிக்கூடப் பாக்கல. இவரு மூணாவது வளைவுல சைக்கிளோட அப்படியே சாஞ்சாரு. அடி ஒண்ணும் இல்ல. வேன் கதவைத் தொறந்து உள்ள உக்காந்து அழுதாரு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, சம்பந்தி வீட்ல கேப்பாங்களே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பிப் போவேன்னு. முப்பத்தஞ்சு வருஷத்துல அவரு அழுது நான் பாத்ததில்ல. என் அம்மா செத்தப்போகூட அழல.

அந்த சைக்கிள்ல சின்னதா ஒரு பெட்டி மாட்டியிருக்கு பாருங்க. எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னு அதுவே பதிஞ்சுக்கும். மிதிக்கிறது யாருன்னு அதுக்குத் தெரியாது.

ஆமா தம்பி. நான்தான். அவரோட சட்டை, அவரோட ஹெல்மெட், மூஞ்சில துணி. அங்கேர்ந்து ஏரி வரைக்கும் நூத்தி முப்பது கிலோமீட்டர், மூணு நாள். பாவப்பட்டு ஏறினேன்னுதான் அன்னைக்கு நெனச்சேன். பொய். ஏறணும்னு எனக்கு ஆசை. மேட்டு உச்சில எதிர்க்காத்து ஆளையே தள்ளுச்சு. தொடை ரெண்டும் எரியுது, எனக்குச் சிரிப்பு சிரிப்பா வருது. பின்னாடி இவரு வேன்ல ஏசி போட்டுக்கிட்டு ஹாரன் அடிக்கிறாரு. என்னமோ ஏதோன்னு நின்னா, மெல்லமாப் போ, எனக்கு அவ்வளவு வேகம் வராது, டாக்டருக்குச் சந்தேகம் வந்துடும்ங்கிறாரு.

கடைசி வளைவு திரும்பினதும் ஏரி தெரிஞ்சுது. அந்தக் கலரை என்னன்னு சொல்றதுன்னு தெரியல. எறங்கிப் போய்க் காலை நனைச்சுக்கணும்னு இருந்துச்சு. அவரு எறங்குன்னாரு. சட்டையை மாத்திக்கிட்டு, பாட்டில் தண்ணியை மூஞ்சில தெளிச்சுக்கிட்டாரு, வேர்வை மாதிரி இருக்கட்டும்னு. அந்த ஒரு கிலோமீட்டரை மட்டும் ஓட்டிக்கிட்டுப் போனாரு. கீழ டாக்டரோட காத்திட்டிருந்தவங்க எல்லாரும் கை தட்டுற சத்தம் வேன் வரைக்கும் கேட்டுச்சு. நான் அந்தத் தண்ணிகிட்டப் போகவே இல்ல. அன்னைக்கே கெளம்பியாச்சு.

ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லல, பெத்த பொண்ணுகிட்டகூட. சொல்லியிருக்கவும் மாட்டேன். மனுஷன் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன்.

இப்போ அவரும் ஒரு புத்தகம் எழுதறாரு. நேத்து மேசையைத் தொடைக்கும்போது அந்த மலை வர்ற பக்கத்தைப் படிச்சேன். காத்து, மேடு, வலி, எல்லாம் சரியா எழுதியிருக்காரு. நான் சொன்னதுதானே. நான் எங்க இருந்தேன்னும் ஒரு வரி இருக்கு. வேன்ல தூங்கிட்டிருந்தேனாம்.