கூட்டினால் மூன்று

— கிருஷாந்தி டீச்சர், ஒரு தாளுக்காக இன்னும் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவீர்? நுவரெலியாக் கணிதப் போட்டிக்கு என்ர மகன் லக்ஸ்மன் போறான். முடிஞ்சுது கதை.

— தனுஜாவும் லக்ஸ்மனும் மத்த கணக்குல எல்லாம் சமமா நிக்கிறாங்க, யோகேஸ்வரன் சேர். கடைசிக் கணக்குலதான் வித்தியாசம். அத மட்டும் ஒருக்கா பாருங்க.

— என்னத்தைப் பாக்கிறது? இருபது காரணியம். ஒண்டில இருந்து இருபது வரைக்கும் பெருக்கி, வாற விடையின்ர இலக்கங்களை ஒற்றை இலக்கம் ஆகுமட்டும் கூட்டவேணும். உம்மட மாணவி தனுஜா ஒரே வரியில ஒன்பது எண்டு எழுதிப்போட்டுது. தோட்டத்து லயத்தில லொத்தர் சீட்டு நம்பரைக் கூட்டிப் பாக்கிற புத்தி.

— லொத்தர் நம்பரக் கூட்டிக் கெட்டது அவ அப்பா. அவ எழுதினது கணக்குங்க. ஒன்பதால பெருக்குன எதையும் கூட்டிக்கிட்டே போனா ஒன்பதுலதான் வந்து நிக்கும். ஒண்ணுலருந்து இருபதுக்குள்ள ஒன்பது இருக்குதானே.

— எனக்கே வகுப்பெடுக்கிறீரோ? தோட்டத்தில இருந்து முந்தநாள் நியமனம் எடுத்து வந்தனீர். விடை மூண்டு. வினாத்தாள் போட்டவனே நான். வீட்டில கல்குலேட்டரில அடிச்சுக் கூட்டினனான். முப்பது வந்தது, பிறகு மூண்டு.

— அந்தக் கல்குலேட்டரக் கொஞ்சம் தர்றீங்களா?

— இந்தாரும். கீழ போட்டு உடைச்சுப்போடாதையும்.

— பாருங்க சேர், இதுல முதல் பத்து இலக்கம்தான் தெரியுது. விடைக்கு மொத்தம் பத்தொம்பது இலக்கம். நேத்து கையால பெருக்கிப் பாத்தேன். இதுல தெரியாத மிச்சத்தையும் சேத்தா அம்பத்தி நாலு. அஞ்சும் நாலும் ஒன்பது.

— எங்க, இஞ்ச தாரும் பாப்பம்.

— நல்லாப் பாருங்க.

— சரி, மெசின் வெட்டிப்போட்டுது. அதுக்கென்ன இப்ப? அந்தக் கணக்கை விட்டால் ரெண்டு பேரும் சமம்தானே. உந்த லயத்துப் பிள்ளை அங்க போய் ஆக்களைக் கண்டு முழிக்கும். லக்ஸ்மனே போகட்டும்.

— லக்ஸ்மன் அந்தக் கணக்குக்கு என்ன எழுதியிருக்கான்?

— மூண்டு. முழுப் புள்ளியும் போட்டனான்.

— அவன் தாள்ல பெருக்கலே இல்லீங்க, வெறும் விடை மட்டுந்தான். பரீட்ச அன்னிக்கு பிள்ளைங்க கல்குலேட்டர் எல்லாத்தையும் வாசல்லயே வாங்கி வச்சதும் நீங்கதான். அப்ப, உங்க வீட்டுல நடந்த பிழை அவன் தாளுக்கு எப்புடிங்க சேர் வந்துச்சு?