ஈசான மூலையில் வீரத்தலைவன்

“ஹலோ... ஹலோ... திருமயம் அரிசி மில்லுங்களா... ஆமா, புதுக்கோட்டையிலேர்ந்து... ஆத்மநாதன்... ஆத்ம, நாதன்... அட, மில்ல ஒட்டின ஒங்க வீட்டுக்கு இன்னிக்குக் குடி வர்ற ஆத்மநாதங்க... ஆங், சோலையப்பண்ணனா. நல்லதாப் போச்சு. வண்டி வந்துருச்சாண்ணே?... ஆமா, இருளாண்டி வண்டி... ஏழு மணிக்கேவா. சரி, சரி... அதுல சாக்கு சுத்தி ஒரு பெரிய பான இருக்கும், அத மட்டும் எறக்காம... ஓ. எறக்கியாச்சா.”

பஸ் கம்பெனி ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த டெலிபோனுக்குள் ஆத்மநாதன் அநேகமாக மூக்கையே நுழைத்திருந்தார். ஊருக்கு ஊர் பேசும்போது மைல் கணக்குக்குத் தக்கபடி குரலை உயர்த்த வேண்டும் என்பது அவர் கொள்கை. திருமயம் பன்னிரண்டு மைல். ஆகவே, பன்னிரண்டு மைலுக்கு உட்பட்ட சகலருக்கும் அவர் வீடு மாறுகிற விஷயம் தெரிந்துபோயிற்று. கம்பெனி ஏஜெண்டு காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, வேலை பார்ப்பதாகப் பாவனை செய்யும் சிரமத்தையும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கண்ணே வச்சிருக்கீங்க?... அடுப்படியிலயா... ஈசான மூலையா. அண்ணே, அது வந்து... ஆமா... ஆமா, அரிசிப் பானதான்... நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்... குடி போற வீட்டுல மொதமொதல்ல அரிசியும் உப்பும் மஞ்சளுந்தான் நொழையணும், வாஸ்தவம், யாரு இல்லேன்னா... குங்குமமும் வச்சாச்சா. எத்தன பொட்டு?... அஞ்சா. ஒங்க வீட்டுச் சொர்ணம் அண்ணி கைராசியக் கேக்கணுமா... நான் அதச் சொல்ல வரலண்ணே.”

அவர் சொல்ல வந்தது என்ன என்பதை டெலிபோனில் சொல்ல முடியாது. நாம் சொல்லிவிடலாம்.

சமஸ்தானத்துச் சர்வே இலாகாவில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர் ஆத்மநாதன். பென்ஷன் வாங்கிய மற்றவர்கள் சீட்டாடினார்கள். அல்லது கோவில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போட்டார்கள். இவர் பழைய இடுகாடுகளைப் பார்க்கப் போனார். ஞாயிறு தவறாமல் ஒரு குடை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தூக்குச் சட்டியில் தயிர்சாதம். அன்னவாசல் பொட்டல், கொடும்பாளூர் மேடு என்று, ஆதிகாலத்தார் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடமெல்லாம் போய்க் குடைக்கம்பியால் குத்திப் பார்ப்பார். இதற்கு அவர் வைத்த பெயர் ஆராய்ச்சி. அவர் மனைவி உண்ணாமலை வைத்த பெயரை அச்சில் போட முடியாது.

போன வைகாசியில் அன்னவாசல் பக்கத்தில் ஒரு முழுத் தாழி அகப்பட்டது. இடுப்பளவு உயரம், உள்ளே மண்ணும் எலும்பும். “அது வாசப்படி ஏறினா நான் எறங்கிருவேன்” என்றாள் உண்ணாமலை. எடுத்த குழியிலேயே திரும்ப வைத்துவிட்டதாகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார் ஆத்மநாதன். கற்பூரம் அணைந்தது, தாழி இருளாண்டியின் விறகுத்தொட்டியில் கருவேலங்கட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. மார்கழியில் உள்ளே இருந்ததை அவர் அங்கேயே கொட்டி எடுத்துவிட்டார். வீடு மாறுகிற சாக்கில் வெறும் தாழியையும் வண்டியில் ஏற்றி, உண்ணாமலைக்கு முன்னதாகத் திருமயம் அனுப்பி, மாட்டுக்கொட்டகையில் ஒளித்துவிடுவதாகத் திட்டம். யாராவது கேட்டால் அரிசிப் பானை என்று சொல்லும்படி இருளாண்டிக்கு உத்தரவு.

முப்பது வருஷ உத்தியோகத்தில் அவருடைய உத்தரவு எதையும் யாரும் இவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றியதில்லை.

“வெறும் பானைய உள்ள வைக்கக் கூடாதா... தெரியும்ணே... அதனால?... போட்டுட்டீங்களா. எவ்வளவு?... அரை மூட்டையா.”

ஆத்மநாதன் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். சண்டைக் காலம். ஊரே படியரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மூவாயிரம் வருஷத்துக்கு முன் பசி தீர்ந்துபோன ஒருவருக்கு அரை மூட்டை சீரகச்சம்பா.

“இல்லண்ணே, சந்தோஷந்தான். சந்தோஷத்துல பேச்சு வரல... ஒரு சங்கதி. அந்தப் பானைல ஒரு கீறல் உண்டு, ஒழுகும்... இல்லையா... தட்டிப் பாத்தீங்களா... கணீர்ங்குதா. சரி. அதுல முந்தி மண்ணெண்ண ஊத்தி வச்சிருந்தோம்ணே, அரிசி வாடையடிச்சுப் போகும்... வாடையே இல்லையா... புளி போட்டுத் தேச்சாப்புல இருக்கா. யாரு தேச்சா... எனக்கென்ன தெரியும், இருளாண்டி தேச்சிருப்பான்...”

இருளாண்டி தன் முகத்தையே தேய்க்காதவன். அதை யோசிக்க அப்போது ஆத்மநாதனுக்கு அவகாசமில்லை. மடியில் ஒரு தோல்பை இருந்தது. பையின் மேல் பஸ் ஸ்டாண்டு நாய் ஒன்று மோவாயை வைத்துக்கொண்டு நின்றது. அவர் காலால் தள்ளினார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து வைத்துக்கொண்டது.

“சீ, போ... ஒங்களச் சொல்லலண்ணே, நாயி... அண்ணே, உள்ளதச் சொல்லிப்புடுறேன். அது சாதாரணப் பான இல்ல. எங்க குடும்பத்துச் சொத்து. முப்பாட்டன் காலத்துது. வெளியாளு கை படப்படாது... ஒங்கள வெளியாளுன்னு சொல்வேனா... என்னது, மாலையா. மால எதுக்குண்ணே... மூதாதை சொத்துன்னு நாந்தான் சொன்னேன், அதுக்காக... சூடம் வேறயா... அண்ணிகிட்ட சொல்லாதீங்க... சொல்லிட்டீங்களா... மணிச்சத்தம் இங்கிட்டு நல்லாக் கேக்குது.”

அவர் சொன்ன ஒவ்வொரு பொய்யும் தாழியை ஒரு படி மேலே ஏற்றியது. இன்னும் இரண்டு பொய் சொன்னால் கும்பாபிஷேகம் ஆகிவிடும் போலிருந்தது. வேறு வழி தேட வேண்டும். உண்ணாமலை எட்டு மணிக் கரி பஸ்ஸில் ஏறிப் போயிருந்தாள். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடுகிற பஸ். நமனசமுத்திரத்து மேட்டில் நின்றுவிடுவதும், ஜனங்கள் இறங்கித் தள்ளுவதும் நித்தியப்படி. வேறு நாளில் அந்தக் கம்பெனியைப் பற்றி மொட்டைப் பெட்டிஷன் எழுதியவர், இன்று அந்த மேட்டை மனதுக்குள் நமஸ்கரித்தார்.

“சம்சாரம் இன்னும் வரலியே?... வரலியா. நல்லது... நல்லதுன்னா, மெதுவா வரட்டும்னு சொன்னேன். அண்ணே, அவ வர்றதுக்குள்ள நாலு ஆளப் புடிச்சு அந்தப் பானைய அப்படியே தூக்கி மாட்டுக்கொட்டகைல... ஏன்னா கேக்குறீங்க... அது ஒரு வேண்டுதல்... ஹலோ... அண்ணே, என்ன மெல்லுறீங்க?”

ஆத்மநாதன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“பொங்கலா... பால் காச்ச அவ வரட்டும், பொங்கல் வைக்க நேரம் போயிரும்னு... எந்த அரிசியில... பானைல போட்டு மூணு படி திருப்பி எடுத்தா... அது மொறையா... மொறதாண்ணே, நான் மறுக்கல... நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க?... சும்மாதான் கேட்டேன்... வயித்துக்கு ஒண்ணும் பண்ணலியே... நெய் மணக்குதா. இன்னொரு கரண்டியா... வேணாம்னு நான் எப்படிண்ணே சொல்றது.”

இனி உண்மையைச் சொல்லவே முடியாது. உங்கள் வாயில் இருப்பது பிணத்தாழிப் பொங்கல் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் வீட்டில் குடியிருந்தவன் இந்தச் சமஸ்தானத்தில் எவனுமில்லை.

“நானா... நான் மத்தியான பஸ்ஸுலதான்... வேலைன்னா, கொஞ்சம் எழுத்து வேல... கட்டுரைண்ணே. திருச்சியில ஒரு மாசப் பத்திரிகை, அதுக்கு. மாசி எதழ்ல வருது... என்னத்தப் பத்தியா...”

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. உண்ணாமலை கேட்டதில்லை; அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள், கேட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சாப்பிடாமல்கூடப் போயிருக்கிறார்கள். இப்போது சோலையப்பன் கேட்டுவிட்டார். தாழி, பொங்கல், கரி பஸ் மூன்றும் ஆத்மநாதன் நினைவிலிருந்து நழுவின. முதுகு நிமிர்ந்தது.

“ஒரு தொட எலும்பண்ணே. மூவாயிரம் வருஷத்துது. மார்கழியில பூதக்கண்ணாடி வரவழைச்சு, பதினஞ்சு நாளு வச்சு அளந்தேன்... கேளுங்க. அந்தக் காலத்து ஆளுங்க குள்ளம். கால் மெலிசு. ஆனா மல ஏறுறதுல அவனுகள அடிச்சுக்க முடியாது. எப்படிச் சொல்றேன்? எலும்போட நுனி சொல்லுதுண்ணே... நீங்க சிரிப்பீங்க, உலகம் சிரிக்காது. ரெண்டு எடத்துல வாள் வெட்டு. ஒரே வீச்சு. யுத்த களத்துல முன்ன நின்னு விழுந்திருக்கான். சாமானியனுக்கு அப்படி விழுமா? வீரத்தலைவன்னு தலைப்புக் குடுத்துட்டேன்... எலும்பா, எங்கிட்டத்தான், மடியிலதான் இருக்கு, வண்டில அனுப்ப மனசு வரல... எதுல கெடச்சுதா... அது... ஒரு... மண்ணுல.”

நாய் பையை ஒருமுறை நக்கியது.

“என்னண்ணே சத்தம்?... ஹாரனா... பஸ்ஸா... மேட்டுல நிக்கலியா... தள்ளாமலே ஏறிருச்சா. அண்ணே, ஓடிப் போயி அந்தப் பான மேல ஒரு சமுக்காளத்தப் போட்டு... அண்ணே... அண்ணே, கேக்குதா... ஹலோ... எக்ஸ்சேஞ்சு, அறுத்துடாதீங்க, பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்... யாரு... யாரு பேசுறது... உண்ணாமலையா.”

பன்னிரண்டு மைல் குரல் சட்டென்று கூடத்திலிருந்து அடுப்படிக்குப் பேசுகிற அளவுக்கு இறங்கியது.

“வந்துட்டியா... பஸ்ஸுல எடம் கெடச்சுதா... கரித்தூசி மேல... சரி... அடுப்படிக்குப் போயிட்டியா... பாத்தியா... உண்ணாமல, நான் வெளக்கமாச் சொல்லிடறேன்... சூடம் அணைச்சது நெசந்தான்... ஆனா... ஆமா... ஆமா... தப்புத்தான்... வீட்டுக்காரங்க பக்கத்துல நிக்கிறாங்களா? மெதுவாப் பேசு... ஏன் சிரிக்கிறே?”

அவள் சிரிப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்காது. அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கும்.

“தெரியுமா... எப்பலேர்ந்து... ஐப்பசியிலேர்ந்தா. இருளாண்டியா சொன்னான்... தீவாளிக்கு வெறகு வாங்கப் போனப்பவா... அந்தப் பய எங்கிட்ட ஒரு வார்த்த... சரி, நீ சொல்லாதேன்னா அவன் சொல்ல மாட்டான்... உள்ள இருந்தத என்ன பண்ணினே?... அன்னவாசலுக்கேவா... வண்டி கட்டிக்கிட்டா... நான் கொடும்பாளூர் போயிருந்த ஞாயித்துக்கெழமையா... அதே குழியிலயா... தேங்கா ஒடைச்சு, பால் ஊத்தி... நல்ல காரியந்தான். நான் வேணாங்கல. அந்த மனுசனுக்கும் ஒரு நிம்மதி... புளி போட்டுத் தேச்சது நீதானா. மூணு தடவையா... மூணாவது நேத்து, வண்டி கட்டறதுக்கு முந்தியா... அப்ப பொங்கலுக்குப் பாதகமில்ல. அப்பாடா.”

சோலையப்பனுக்கு ஒன்றும் ஆகாது, வீடு போகாது, உண்ணாமலையும் இறங்கிவிடப் போவதில்லை. ஆத்மநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பாதி முகம் துடைத்தபோது கை நின்றது.

“இரு. ஐப்பசியிலயே காலி பண்ணிட்டேங்கிறே... அப்ப மார்கழியில நான் உள்ளேர்ந்து எடுத்தது... வெறும் பானையா இருந்தா நான் மறுபடி குடையத் தூக்கிக்கிட்டு அன்னவாசல் போயிருவேன்னு... சரி... அதனால என்னத்தப் போட்டு வச்சே?... சத்தமாச் சொல்லு, கேக்கல... வேணாம். மெதுவாவே சொல்லு.”

ஏஜெண்டு நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பயனில்லை. ஆத்மநாதன் பக்கத்துப் பேச்சு மட்டுந்தான் கேட்டது.

“மண்ணும் ஆட்டுக்கால் எலும்புமா... எந்த ஆட்டுக்காலு... தீவாளி மறுநாளு சாறு வச்சியே... அதா. ஆமா... குடிச்சேன்... நல்லாருக்குன்னுதான் சொன்னேன்... ரெண்டாந்தரமும் ஊத்தச் சொன்னேன்... எலும்ப உறிஞ்சினேனா. இருக்கலாம்... அப்ப அந்த வெட்டு... ரெண்டு வெட்டு இருக்கே, ஒரே வீச்சு... கறிக்கட கத்தியா.”

மடியிலிருந்த பை தானாகவே நழுவிக் கீழே போயிற்று. அவர் எடுக்கவில்லை. நாய்தான் எடுத்தது.

“பான அங்கயே இருக்கட்டுமா... ஈசான மூலையிலயா... தெனமும் அதுலேர்ந்துதான் அரிசி எடுத்து ஒல வைப்பியா... சாப்பிடுறேன். வேற என்ன பண்றது... கட்டுரையா... அது... அத எப்படி... உண்ணாமல, இந்தச் சங்கதி சோலையப்பண்ணனுக்கு... ஹலோ... ஹலோ... வச்சுட்டா.”

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு ஆத்மநாதன் நாயைப் பார்த்தார். பத்து நிமிஷமாக இந்த ஆபீசில் உண்மை தெரிந்த ஒரே பிராணி அதுதான். பூதக்கண்ணாடி இல்லாமலே கண்டுபிடித்திருந்தது. இப்போது அது டிக்கெட் மேஜைக்கு அடியில், வீரத்தலைவனின் மெலிந்த, மலையேறும் காலோடு தன் சொந்த ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தது.

அவர் மறுபடி டெலிபோனை ஒட்டி நின்றார். திருச்சி முப்பது மைலுக்கு மேல். பழைய கொள்கைப்படி கூரை பறக்கக் கத்தியிருக்க வேண்டும்.

“எக்ஸ்சேஞ்சா... நாந்தாங்க, திரும்பவும்... திருச்சிக்கு ஒரு கால் வேணும். பத்திரிகை ஆபீசு... அச்சு மிஷின் ஓடுறதுக்கு முந்திப் பேசியாகணும்... ரெண்டு மணி நேரமாகுமா... கொஞ்சம் அவசரங்க... ரொம்ப அவசரம்... என்னது... சாவுச் சேதின்னாத்தான் முந்தி விடுவீங்களா.”

மேஜைக்கு அடியில் எலும்பு கடிபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“சாவுதாங்க... நெருக்கந்தான்... செத்தது யாருன்னா கேக்குறீங்க...”

ஏஜெண்டு எழுந்தே நின்றுவிட்டார். ஆத்மநாதன் டெலிபோனின் வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு, தம் வாழ்நாளில் முதல் தடவையாக, அடுத்த முழத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்:

“ஒரு வெள்ளாடுங்க.”