வெள்ளைப் பெட்டிச் சாப்பாடு

நோயாளிக்குக் கொண்டுபோகிற சாப்பாடு சூடாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பாலக்கரையில் எங்கள் வீட்டிலிருந்து அடைக்கலராஜ் வீட்டுக்கு நான்கு நிமிட நடை. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பு கொதி அடங்குவதற்குள் அவர் முன்னால் இருக்கும். இருபது மாதங்களில் ஒரு நாளும் தவறியதில்லை. பெரிய வெள்ளியன்றுகூடக் கஞ்சி கொண்டுபோனேன்.

நீங்கள் எழுதிக்கொள்வதற்காக என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். பெயர் சவரிராயன். வயது அறுபத்தாறு. ஸ்ரீரங்கம் தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றேன். என் தகப்பனார் மாதா கோயிலில் பூசை வேலைகளைப் பார்க்கிற கோயில் பிள்ளையாக இருந்தவர். எங்கள் குடும்பத்தை யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது, 1973 மே மாதம் வரை.

அந்த மாதம், எங்கள் கோயிலுக்கே வருகிற அடைக்கலராஜின் மகனுக்குக் கல்யாணம். முதல் பந்தியில் என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் என் மகள் லூர்துராணி. அவளுக்கு அப்போது பதினோரு வயது. இலையில் சோறு விழுந்து, பிசைந்து, நான் ஒரு வாய் எடுத்துவிட்டேன். அப்போது அடைக்கலராஜ் வந்து என் தோளைத் தொட்டார்.

"சவரிராயன், கொஞ்சம் எந்திரிங்க. மண்ணச்சநல்லூர் மில்காரர் குடும்பத்தோட வந்திருக்காரு, அவங்களுக்கு இடமில்லை. நீங்க நம்ம ஆளுதானே, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாம்."

எழுந்தேன். எச்சில் கையோடு, முந்நூறு பேர் பார்க்க, மகளையும் எழுப்பிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் வாயில் சோறு இருந்தது. இப்போது கேட்டால் அது நினைவில்லை என்கிறாள். அவளுக்கும் சேர்த்து நான் நினைவு வைத்திருக்கிறேன்.

அதன்பின் பதினான்கு வருடம் நாங்கள் பேசவில்லை. 1987இல் அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது. மனைவி முன்பே காலமாகியிருந்தார். மகன் துபாயில். காலையும் மாலையும் ஒரு அம்மாள் வந்து குளிப்பாட்டி, இட்லி கொடுத்துவிட்டுப் போவாள். மதியத்துக்கு ஆளில்லை. பங்கு சாமியார் பூசை முடிந்ததும் கேட்டார்: "யாராவது ஒரு வீடு முன்வரணும்." நான் எழுந்து நின்றேன். கோயிலே திரும்பிப் பார்த்தது.

அன்று எனக்குத் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. அவர் என் வீட்டுச் சோற்றுக்குக் காத்துக் கிடக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் ஒன்றைத் தீர்மானித்திருந்தேன்: அவருக்கு என் கையால் இலை போடுவதில்லை. என் வீட்டுப் பாத்திரமும் அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டாது.

"டிபன் கேரியர் சும்மாதானே கிடக்கு, அதுல கொண்டு போங்களேன்ப்பா," என்றாள் லூர்துராணி.

"வேண்டாம். வேற வெச்சிருக்கேன்."

என் தங்கை மகன் விக்டர் ஜங்ஷன் பக்கம் ஃபிரைட் ரைஸ் கடை போட்டிருந்தான். பார்சலுக்கென்று மெட்ராஸிலிருந்து மூடி வைத்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள் வரவழைத்தான். பத்து நாளில் நிறுத்திவிட்டான். மிச்சத்தைக் கிறிஸ்துமஸ் குடில் செய்ய என்னிடம் கொண்டுவந்து போட்டான்.

"மாமா, குடிலுக்கு மட்டும் வெச்சுக்குங்க. சூடா எதையும் இதுல வெச்சுராதீங்க. எண்ணெய்க் குழம்பு பட்டா அடி இளகுது. காலேஜ் கெமிஸ்ட்ரி வாத்தியாரு ஒருத்தர் கடைக்கே வந்து சத்தம் போட்டுட்டாரு. தினமும் உள்ள போனா உடம்புக்கு ஆகாதாம். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

முதல் வாரம் ஆறிய சோறும் ரசமும்தான் அந்தப் பெட்டியில் போயின. பிறகு ஒரு நாள் ஆட்டுக்கறிக் குழம்பு. திரும்பி வந்த பெட்டியைக் கழுவும்போது அடியில் விரல் நுனி பதிகிற அளவுக்குக் குழிகள் இருந்தன. அந்தக் குழிகளில் இருந்தது எங்கே போனது என்று யோசித்தேன். வேறு எங்கும் போயிருக்க வழியில்லை.

அதன் பிறகுதான் சூட்டில் கண்டிப்பானேன்.

"இன்னும் ஒரு கொதி வரட்டும்மா" என்பேன். கொழுப்புள்ள கறியாக நானே பார்த்து வாங்குவேன். எலுமிச்சையைத் தோலோடு நறுக்கிப் போடச் சொல்வேன். தோல் பட்ட இடம் சீக்கிரம் அரிக்கும். ஒரே பெட்டியைப் பத்து நாள் வரை கழுவிக் கழுவி எடுத்துப் போவேன். லூர்துராணிக்கு எதுவும் தெரியாது. அப்பாவுக்கு மனம் இளகிவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். அவளை விசாரிக்க வேண்டாம்.

"மருந்து வாடை அடிக்குதுங்க," என்றார் அடைக்கலராஜ் ஒரு நாள்.

"அது உங்க மாத்திரை வாடை."

அவர் சாப்பிட்டார். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி வாய் வரை பார்ப்பேன்.

ஆறாவது மாதம் அவர் சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்தார். வாய் கோணியிருந்ததால் மெதுவாகத்தான் பேச வந்தது. "அன்னைக்கு உங்கள எழுப்பினது தப்புங்க. பிள்ளையையும் எழுப்பிட்டேன். மில்காரர்கிட்ட அப்ப எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்துச்சு. மன்னிச்சிருங்க. ஒரே ஒரு நாளைக்கு, இந்தப் பெட்டி வேணாம், இலையில போடுங்க."

முந்நூறு பேர் முன்னால் நடந்த காரியத்துக்கு, சுவரில் இருந்த ஒரு பல்லி மட்டும் கேட்க மன்னிப்பு.

"ஆறிடப் போவுது, சாப்பிடுங்க," என்றேன்.

அதற்குப் பின்னும் பதினான்கு மாதம் கொண்டுபோனேன். போன மாதம் இறந்தார். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். துபாயிலிருந்து வந்த மகன், கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என் காலைத் தொட்டான்.

"அப்பாவுக்கு ஆறு மாசம்தான்னு டாக்டர் கெடு சொல்லியிருந்தாரு மாமா. நீங்க போட்ட சோத்துலதான் இருபது மாசம் இருந்தாரு."

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பெயரை வாசிக்கப் போகிறார்களாம். அடைக்கலராஜின் உற்ற நண்பர் என்று சாமியார் எழுதி வைத்திருப்பதை நானே பார்த்தேன். அதனால்தான் இங்கே வந்தேன்.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். "பார்சல் பெட்டிய வெச்சு யாரையும் கொல்ல முடியாதுங்க ஐயா. கேட்டா சிரிப்பாங்க. வீட்டுக்குப் போங்க," என்கிறீர்கள். உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் கோபப்படவில்லை. மாரடைப்பு என்று எழுதிய டாக்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதிப் பெட்டிகளைக் கொண்டுவந்திருக்கிறேன், அடியைத் தடவிப் பாருங்கள்.

வெறும் பகைக்காக இதைச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் குடும்பத்தின் பெயருக்காகச் செய்தேன். எதிரிக்கு இருபது மாதம் சோறு போட்டு உயிரை நிறுத்தியவன் என்று ஊர் சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். பேனாவைத் திறங்கள். கொன்றவன் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்.