வேன் போனப்புறம்

இல்ல மேடம், நான் எதையும் என் கண்ணால பாக்கல. அத முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் கோர்ட்டுல நிக்க வெச்சுக் கேட்டா நான் முழிக்கக் கூடாது. நடந்ததெல்லாம் காஜாக்காவுக்குப் பக்கத்து வீட்டு நர்ஸம்மா எங்கிட்ட சொன்னது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். சுவர்னு பேரு தான், வெறும் பலகை. இந்தப் பக்கம் கொட்டாவி விட்டா அந்தப் பக்கம் தூக்கம் வரும்.

தண்ணி வேணாம் மேடம். சரி, குடுங்க.

காஜாக்காவுக்கு நீங்க தான் வக்கீல்னு விசாரிச்சுட்டுத் தான் வந்தேன். அந்தத் தெருவுல அவங்கள யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. வீட்டுலயே மிஷின் போட்டு சட்டைக்கெல்லாம் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக் குடுக்கறாங்க இல்ல, அதனால காஜாக்கா. நாலு வயசுல ஒரு பொண்ணு. வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டறாரு. வேன் அண்ணன்னா அந்த ஏரியாவுல தெரியாதவங்க கிடையாது. எந்தப் பிள்ளைக்காவது ஷூ லேஸ் அவுந்திருந்தா கீழ உக்காந்து கட்டி விட்டுட்டுத் தான் ஏத்துவாரு. பாருங்க, இன்னும் எனக்கு அவர் அவர்னு தான் வாயில வருது.

இப்போ ஆஸ்பத்திரில படுத்துட்டு அவர் என்ன சொல்றாரு? சாப்பிட்டுட்டு அசந்து தூங்கினேன், கத்தரிய எடுத்து மூணு குத்து குத்திட்டா, ஏன்னே தெரியலன்னு. அவ ஏதோ படிவம் எழுதினாளாம், அதப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு. போலீஸும் அத அப்படியே எழுதிக்கிச்சு. திட்டம் போட்டுக் குத்தினாங்கன்னு ஆயிட்டா காஜாக்கா உள்ள. காப்பகத்துல இருக்கற பொண்ணு அந்த மனுஷன் கைக்கே திரும்பப் போயிடும். அதானே மேடம் உங்க கவலை? எனக்கும் அதான்.

படிவம் எங்க ஆபீஸோடது தான். சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடுகளுக்கு, பிரச்சினை முத்திப் போறதுக்கு முன்னாடியே கை குடுக்கற மாதிரி ஒரு மையம் தொறக்கப் போறோம். தொறக்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கற ஜனங்கள என்ன வேணும்னு கேக்கணும். லைப்ரரி மாடில கூட்டம் போட்டோம். நாப்பது நாற்காலி, ஒரு மைக், படிவம் போட ஒரு பெட்டி, பிஸ்கட்டு. ஒரு பெரியவர் எழுந்து, மையமெல்லாம் இருக்கட்டும், முதல்ல சாக்கடைக்கு மூடி போடுங்கன்னாரு. இன்னொருத்தர் ஆம்பளைங்க உடம்பு ஏத்த ஒரு ரூம் கேட்டாரு. எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். என் வேலை அது.

அப்புறம் வேன் அண்ணன் மைக்க வாங்கினாரு. குடும்பம்னா பொறுமை வேணும், இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அது போதல, மையத்துல அதச் சொல்லிக் குடுங்கன்னு பேசினாரு. கூட்டமே கை தட்டுச்சு. நானும் தட்டினேன் மேடம். நோட்டுல நல்ல கருத்துன்னு எழுதி, கீழ கோடு வேற போட்டேன்.

அவர் பேசின அந்த அஞ்சு நிமிஷம் காஜாக்கா கடைசி வரிசைல, மடில பொண்ண வெச்சுக்கிட்டு, அவ முதுகு மேலயே படிவத்த வெச்சு எழுதியிருக்காங்க. வேற எப்போ எழுதறது? பெட்டில போட்டுட்டு அவர் பின்னாடியே இறங்கிப் போயிட்டாங்க. படிவத்துல பேரு கேக்க மாட்டோம். போன் நம்பர் மட்டும், விருப்பம் இருந்தா.

என்ன எழுதியிருந்தாங்களா? எனக்கு மனப்பாடம். ஏழாவது கேள்வி, மையம் எந்த நேரம் தொறந்தா வசதி. காலைல, வேன் போனப்புறம். எட்டாவது, பிள்ளையப் பத்தி ஏதாவது கவலை உண்டா. அப்பா செருப்புச் சத்தம் கேட்டா பொண்ணு ஒண்ணுக்குப் போயிடறா. ஒன்பதாவது, மையத்துல வேற என்ன இருந்தா நல்லது. உள்ள இருந்து தாழ் போடற மாதிரி ஒரு ரூம்.

அவ்ளோ தான். முதுகு மேல வெச்சு எழுதினதால எழுத்து எல்லாம் நெளிஞ்சு கிடந்துச்சு.

அது நடந்தது அதுக்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை. காலை டிரிப்பு முடிஞ்சு மூணு மணி வரைக்கும் அவர் வீட்டுல தான் இருப்பாரு. நர்ஸம்மாவுக்கு அன்னிக்கு லீவு, துணி மடிச்சிட்டிருந்திருக்காங்க. மிஷின் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சாம், திடுதிப்புன்னு நின்னுச்சாம். ஜன்னல் வழியா பாத்தா, அவர் பொண்ணைத் தூக்கிட்டு வெளில வர்றாரு. வேன்ல முன் சீட்டுல உக்கார வெச்சு, பெல்ட் போட்டு, வெயில் படாம இருக்க கண்ணாடில துண்ட மாட்டி விட்டுட்டு, கன்னத்துல தட்டிட்டு உள்ள போனாராம். கதவு சாத்தற சத்தம். நர்ஸம்மா கடிகாரத்தப் பாத்திருக்காங்க, பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம்.

அப்புறம் அவர் கத்தவே இல்லயாம். ஸ்கூல்ல வாத்தியார் கேக்கற மாதிரி, ஏழாவது கேள்வின்னாராம். தலைய மிஷின் மேஜைல மோதற சத்தம். மறுபடியும் ஏழாவது கேள்வி. காஜாக்கா சன்னமா ஏதோ சொல்லியிருக்காங்க. சத்தமா சொல்லுன்னாராம். வேன் போனப்புறம்னு சொன்னாங்களாம். சொன்னதுக்கும் ஒரு அடி.

எட்டாவதுக்கு மிஷின் ஓடற சத்தம் கேட்டுச்சாம். நர்ஸம்மாவுக்குப் புரியல, அடிச்சிட்டு வேலை பாக்கச் சொல்றான் போலன்னு நெனச்சிருக்காங்க. காஜாக்கா கையப் பாத்தப்புறம் தான் தெரிஞ்சுதாம், அவர் வலது கைய ஊசிக்குக் கீழ வெச்சு, பெடல மிதிச்சிருக்காரு. கட்டை விரல் நகத்துல ரெண்டு தடவை இறங்கியிருக்கு. டாக்டர் எழுதினது உங்ககிட்ட இருக்குமே. வேலை பாக்கும்போது பட்டதுன்னு அவர் சொல்றாரு. பதினோரு வருஷமா காஜா எடுக்கறவங்க மேடம். கண்ண மூடிட்டுத் தச்சாலும் ஊசில கை குடுக்க மாட்டாங்க.

ஒன்பதாவதுக்கு மட்டும் அவர் சிரிச்சாராம். உனக்குத் தாழ் போட ரூம் வேணுமா, வா, தாழ் போடலாம்னு குளியல் ரூம் பக்கம் இழுத்துட்டுப் போயிருக்காரு. அதே கைய நிலைல வெச்சுப் பிடிச்சுக்கிட்டு, கதவ ஒதைச்சு சாத்தியிருக்காரு. மூணு விரல். நர்ஸம்மா அந்தச் சத்தத்த எங்கிட்ட சொல்ல வந்துட்டு, எழுந்து உள்ள போயிட்டாங்க.

போலீஸுக்கு போன் பண்ணினாங்க மேடம், பண்ணாம இல்ல. வர அரை மணி ஆயிடுச்சு.

கத்தரியா? நூல் வெட்டறதுக்குக் கழுத்துல கயிறு போட்டுத் தொங்க விட்டிருப்பாங்க, இத்துனூண்டு. இடது கையால எடுத்திருக்காங்க. வயித்துல ஒண்ணு, தொடைல ரெண்டு. தூங்கற ஆளக் குத்தினா ரத்தம் பாயில இல்ல இருக்கணும்? குளியல் ரூம் வாசல்ல எப்படி இருக்கும்? ஆமா, அவர் தவழ்ந்து போனேன்னு சொல்லுவாரு. எல்லாத்துக்கும் ஒண்ணு வெச்சிருக்காரு. குத்திட்டு காஜாக்கா நேரா வேனுக்குப் போய், ஒரு கையாலயே பெல்ட்ட அவுத்து, பொண்ண இறக்கிட்டு ரோட்டுல உக்காந்திருக்காங்க. ஓடல. ஓடினதா எழுதியிருக்காங்களா? அது பொய்.

தெரியும் மேடம், அதத் தான் நீங்க கேப்பீங்கன்னு தெரியும். நர்ஸம்மா கேள்வி நம்பரெல்லாம் கேட்டேன்னு சொன்னாலும், படிவமே பாக்காத வேன் அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்னு அந்தப் பக்கத்து வக்கீல் மடக்குவாரு. நர்ஸம்மா சிநேகிதிக்காகப் புளுகறாங்கன்னு முடிச்சிடுவாரு. படிவம் வெளில போகல. எங்க பீரோல பூட்டித் தான் இருந்துச்சு. காஜாக்காவும் யார்கிட்டயும் சொல்லல.

எங்க ஆபீஸ்ல ஒரு முறை உண்டு. எழுத்து தெளிவா இல்லாத படிவத்த எடுத்து, அந்த நம்பருக்கு போன் பண்ணி வாசிச்சுக் காட்டணும். குடும்பத்துக்கு ஒரு படிவம்ங்கறதால வீட்டுல யார் எடுத்தாலும் சரின்னு வெச்சிருக்கோம். மத்தவங்க யாரும் போன் பண்ண மாட்டாங்க. வாசிச்சாச்சுன்னு டிக் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. என்னால அப்படி முடியாது. எங்க வீட்டுல முதல்ல படிச்சு ஆபீஸ் வேலைக்கு வந்தது நான், ஒரு கட்டம் தப்பாப் போனாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அந்த போன் காஜாக்காவோடது தான். அவர் வீட்டுல இருக்கற நேரம் அது அவர் பாக்கெட்டுல இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? எப்போ கூப்பிடலாம்னு கேக்க எங்க படிவத்துல ஒரு கட்டம் கூட இல்ல.

அவர் தான் எடுத்தாரு, ரொம்ப மரியாதையாப் பேசினாரு மேடம். ஏழாவது கேள்விய வாசிச்சேன். சரிம்மா, மேல படிங்கன்னாரு. எட்டு. சரிம்மா. ஒன்பதுல ஒரு வார்த்தை எனக்கே சரியாத் தெரியல, தாழா வாழான்னு. அவர் தான் யோசிச்சு, தாழாத் தான் இருக்கும்மான்னு எடுத்துக் குடுத்தாரு. நன்றி சொல்லி வெச்சுட்டு, கட்டத்துல டிக் போட்டேன்.

வேலை போகும், தெரியும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

நர்ஸம்மா கடிகாரம் பாத்ததுக்கு எவ்ளோ முன்னாடி பேசினேன்னு எனக்கு சரியா ஞாபகம் இல்ல, அதனால நேத்து டெலிபோன் பதிவ எடுத்துப் பாத்தேன். வியாழக்கிழமை, பதினொன்னு முப்பத்தெட்டு, என் மேஜை நம்பர்லேர்ந்து போயிருக்கு. எட்டு நிமிஷம் பதினாறு செகண்டு பேசியிருக்கேன்.