கஸ்டம்ஸில் நிற்கிறது

பார்சல் எப்போது வரும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உட்காரச் சொல்வேன், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவேன். பழைய வெளிநாட்டு பைக் வைத்திருப்பவர்கள் பாவப்பட்ட கூட்டம், சார். வண்டியைச் செய்த கம்பெனியே மூடிப் போயிருக்கும். இவர்கள் மட்டும் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்கள். ஒரு பாகம் போனால் அது கடல் தாண்டித்தான் வர வேண்டும். அப்படி வரவழைத்துக் கொடுப்பதுதான் என் கடை.

வெளிநாட்டுச் சாமானுக்கு இரண்டு விலை உண்டு. விற்பவன் சொல்வது ஒன்று, இங்கே வந்து இறங்கியதும் சுங்கத்தில் சொல்வது இன்னொன்று. முதல் விலையை நான் பேசிப் படிய வைத்துவிடுவேன். சொன்ன விலைக்கு வாங்கி வந்தவனோடு எங்கள் வீட்டில் அன்று யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். என் அப்பா, டாக்டரிடமே ஊசிக்குக் குறைத்துக் கேட்டவர். சுங்கத்தில் மட்டும் பேரம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் ஒரு தொகையைச் சொல்வார். நாம் சிரித்தாலும் அதே தொகை, அழுதாலும் அதே தொகை. பாகத்தின் விலையில் முக்கால்வாசியை வரியாகக் கட்டிவிட்டு வருகிறவன் எப்படித் தன்னை வியாபாரி என்று சொல்லிக்கொள்வான்?

ஆனால் ஒரு வழி இருந்தது. வரி கட்டி எடுக்காத பார்சலைக் கிடங்கில் போட்டுவைப்பார்கள். கெடு தாண்டினால் ஏலம். ஏலத்துக்கு வருகிற நாங்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒருவர் சாமான்மேல் இன்னொருவர் கை வைப்பதில்லை. பைக்கின் உள்பாகம் என்ன ஏது என்று ஏலம் விடுகிறவருக்கே தெரியாது, இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவார். ஆகவே பார்சல் வந்துவிட்டது என்று தகவல் கிடைத்ததும் நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சும்மா இருப்பதுதான் தொழில். வரிப் பணத்தை வாடிக்கையாளரிடம் முன்னாலேயே வாங்கியிருப்பேன். கேட்டால், "கஸ்டம்ஸ்ல நிக்குதுங்க" என்பேன். அது பொய்யும் இல்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பெரியவர்கள் சொன்னதை நான் உதிரி பாகத்துக்குப் பொருத்தினேன், அவ்வளவுதான்.

என் தங்கையின் கணவரும் அப்படி வந்த ஒரு வாடிக்கையாளர்தான். பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவருவது அவர் வேலை. பைக் அவருடைய அப்பா விட்டுப்போனது. காலையில் தங்கையைத் தையல் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, குப்பிப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுவார். நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. என்னைக் கிண்டல் செய்வதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார்.

அவர் வண்டியில் டி-ஸ்டெம் கீறல் விட்டிருந்தது. கைப்பிடியையும் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு அது. அது போனால் கைப்பிடி நம் கையில் இருக்கும், சக்கரம் தன் வழியில் போகும். புதிதுக்கு எழுதிப் போட்டேன். பாகத்தின்மேல் அவரிடம் நான் லாபம் வைக்கவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நான் அந்த அளவுக்குக்கூடப் பார்க்கவில்லை. வரியை மட்டும்தான் முன்பணமாக வாங்கினேன். வரி என்பது அரசாங்கத்துக்குப் போகிற பணம். அதில் நான் மிச்சம் பிடித்தால் தங்கைக்கு என்ன நஷ்டம்?

பார்சல் வந்தது. நான் வழக்கம்போல் சும்மா இருந்தேன்.

"என்ன மச்சான், உங்க சாமான் கஸ்டம்ஸ்லயே குடும்பம் நடத்திப் பேரன் எடுத்துடும் போலிருக்கே" என்பார் மாப்பிள்ளை.

"பேரன் பொறந்தா அவனுக்கும் சேத்து வரி கேப்பாங்க மாப்ளே. கொஞ்சம் பொறுங்க."

சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அவர் சிரிக்கவில்லை.

"எனக்குன்னா பரவால்ல மச்சான். பின்னாடி இவள உக்கார வெச்சு ஓட்ட மனசு வரல. தவணைல ஒரு புது வண்டி எடுத்துக்கறேன். குடுத்த பணத்த மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

தங்கை பக்கத்திலேயே நின்றாள். "அண்ணாகிட்ட இப்படியா கேப்பீங்க? அவரு என்ன, வெச்சுக்கிட்டா இல்லன்னு சொல்றாரு?" என்று அவரைக் கடிந்துகொண்டாள்.

பயந்த வாடிக்கையாளர் வண்டியை விற்றுவிடுவார். பயம் போனால் காத்திருப்பார். இதை எந்தக் கடைக்காரரும் சொல்வார். அதனால் வண்டியை ஒருநாள் கடையில் விட்டுப்போகச் சொல்லி, கீறலில் வெல்டு வைத்து, அரம் போட்டு ராவி, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அந்த இரும்பில் வெல்டு வைத்தால் பக்கத்து இடம் வலு இழந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லச் சொன்னார் என் வக்கீல். அப்படிச் சொன்னால் என் தொழில் அறிவுக்கே அவமானம்.

மாப்பிள்ளை தடவிப் பார்த்தார். "புதுசு மாதிரியே இருக்கே. தாங்குமா?"

"உங்க பேரன் ஓட்டுவான்" என்றேன்.

பாலத்து இறக்கத்தில் அது விட்டுவிட்டது. அவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். தங்கைக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு.

"அண்ணா, அந்தச் சாமான் வந்திருந்தா அவரு இருந்திருப்பாருல்ல?"

"இருந்திருப்பாரும்மா."

"அந்தக் கஸ்டம்ஸ்காரங்க நல்லாவே இருக்க மாட்டாங்க."

நானும் அவளோடு சேர்ந்து திட்டினேன். அவளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே திட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஏலத்துக்குப் போனேனா என்று கேட்டீர்கள். போனேன். போகாமல் இருந்தால் போன உயிர் திரும்பி வருமா? அன்று இரும்பு விலைக்கும் கீழே கிடைத்தது. துக்க வீட்டுக்காரன் என்று மற்றவர்கள் யாரும் பேருக்குக்கூட விலை கேட்கவில்லை. வியாபாரிகளுக்கு ஈரம் இல்லை என்பவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். அதே மாதிரி வண்டி வைத்திருந்த பல் டாக்டர் ஒருவருக்கு அதைக் கொடுத்தேன். அவரிடமும் வரி வாங்கியிருந்தேன். இப்போது பத்திரமாக ஓட்டுகிறார். சாமானில் குறை சொல்லவே முடியாது.

தங்கை ஊன்றுகோலோடு கிடங்குக்குப் போவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கஸ்டம்ஸ்காரர்களை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரத்தான் போயிருக்கிறாள். கிடங்குக்காரர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்.

"எங்களத் திட்டி என்னம்மா பண்றது? அது வந்து ரெண்டு மாசமா இந்த அலமாரிலதான் கெடந்துச்சு. கடைக்காரர் வரி கட்டலையே. அவரு சாமான் எல்லாமே இப்படித்தான் கெடக்கும், கடைசில அவரே ஏலத்துல எடுத்துப்பாரு. கெட்டிக்காரர்."

"அவரு எங்க அண்ணன்" என்றாளாம். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். வருகிற வழியில்தான் என் கடை. உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்கள் எழுத்தர் 'அலட்சியத்தால்' என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். எங்கள் குடும்பத்தில் சரக்கு விஷயத்தில் யாரும் அலட்சியமாக இருந்ததில்லை. விபத்து நடந்த அன்று காலை அவர்கள் இருவரும் என் கடை வாசலில் நிறுத்தி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கும்போது முன்பக்கத்தில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். பெற்றவளுக்குப் பிள்ளையின் இருமல் மாதிரி அது எனக்கு. வெல்டு விட்டுவிட்டது. கிடங்கு அங்கிருந்து நடக்கிற தூரம். வரியைக் கட்டியிருந்தால் மதியத்துக்குள் புதுசு கையில் இருந்திருக்கும்.

நான் கையைத் தூக்கினேன். நிறுத்தச் சொல்லத்தான் தூக்கினேன்; அதை மறக்காமல் எழுதுங்கள், அது என் பக்கம் பேசும். தங்கை பின்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வழியனுப்புகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே அவளும் கையை ஆட்டினாள்.

அடுத்த வாரம் ஏலம். நானும் ஆட்டினேன்.