வலப்பக்கத்து ஸ்டிக்கர்

பிளம் கேக் நேற்று செய்தது, ஹிஸ்கா. மறுநாள்தான் அதற்கு ருசியே வரும், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். எக்கார்ட் தோட்டத்தின் கோடியில் இலை கூட்டிக்கொண்டிருக்கிறார். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுவார், அதனால் இப்போதைக்கு உள்ளே வரமாட்டார். நீங்கள் குரோனிங்கனிலிருந்து இத்தனை ரயில் மாறி வந்தது அவரைப் பார்க்கத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் கோட்டைக் கழற்றியபடி என்னிடம்தான் கேட்டீர்கள், கடைசி நேரத்தில் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று. என்னிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. பிரெஞ்சுப் போலீஸ்காரர்கூட என் தோளில் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, எக்கார்டிடம்தான் போய்க் கேட்டார்.

ஸ்டிக்கரிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

பிரான்ஸுக்குள் மூன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி போனால் ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. பக்கத்தில் வராதே, ஓட்டுகிறவன் கண்ணுக்கு நீ தெரியமாட்டாய் என்று சைக்கிள்காரர்களுக்குச் சொல்வதற்காக. லாரிகளுக்காக வந்த சட்டம், எங்களைப் போல வண்டிக்குள்ளேயே வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவர்களையும் பிடித்துக்கொண்டது. எக்கார்டுக்கு அந்த ஸ்டிக்கரைக் கண்டாலே ஆகாது. வருஷத்துக்கு இரண்டு தடவை மெழுகு போட்டு அந்த வண்டியைப் பளபளவென்று வைத்திருந்தார். அதன்மேல் பசை படுவதா? காந்த ஸ்டிக்கர் வாங்கிப் பார்த்தார். எங்கள் வண்டியின் உடம்பு கண்ணாடி நார், காந்தம் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. கடைசியில், தண்ணீர் தெளித்து ஒட்டி, வேண்டாதபோது உரித்துக்கொள்ளும் ரகம் ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

ஒட்டுவது என் வேலை. எல்லைக்கு முந்தைய பெட்ரோல் நிலையத்தில் வாளியும் துணியுமாக இறங்குவேன். அவர் பின்னால் கைகட்டி நிற்பார்.

"குமிழி இருக்கு பாரு ஹைடி. அங்க இல்ல, அதுக்குக் கீழ. காலமெல்லாம் ஜன்னல் துடைக்கிறே, ஒரு தாளை ஒழுங்கா ஒட்ட வரலையே உனக்கு."

திரும்பி வரும்போது ஜெர்மனிக்குள் நுழைந்த முதல் நிறுத்தத்திலேயே உரித்தாக வேண்டும். அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டால் அவருக்கு மானம் போய்விடும். உரித்த மூன்றையும் கழுவி, மெழுகுத்தாளில் சுற்றி, ரொட்டித் தட்டுகளுக்கு அடியில் வைப்பேன். அந்த வண்டியில் எனக்கென்று இருந்த பொறுப்பு அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்றும் இருந்தது.

உங்கள் ஊரிலும் இந்தப் பழக்கம் இருக்கும். ஓட்டுகிறவருக்கு வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவர் சும்மா வரக்கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் எக்கார்ட் "வலப்பக்கம்?" என்பார். நான் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்து "காலி" என்பேன். உடனே வண்டி நகரும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். என் சமையலை அவர் நம்பமாட்டார், உப்பு சரியாக இருக்கிறதா என்று முதலில் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். வரைபடத்தை நான் படித்தால் வண்டியை ஓரம் நிறுத்தி அவரே ஒருமுறை படிப்பார். ஆனால் இந்த ஒரு வார்த்தையை மட்டும், கல்யாணமான நாளிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். சொன்னால் சிரிப்பீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. சில நாள் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சே அவ்வளவுதான்.

அவர் ஓய்வு பெற்றதும் நாங்கள் ஒருவரோடு ஒருவர் இருக்கப்போகிறோம் என்று நினைத்தேன். வண்டி வந்தது. வசந்தத்தில் கிளம்பினால் இலை உதிரும்போதுதான் வீடு. தேவாலயப் பாட்டுக் குழுவில் என் இடத்துக்கு வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அன்னெரோஸ் முதலில் அஞ்சலட்டை போட்டாள், பிறகு போடவில்லை. என் தங்கை போன பிறகு வீட்டுத் தொலைபேசியில் எனக்கென்று மணி அடித்ததே இல்லை. இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் எந்த முகாமில் இறங்கினாலும் எக்கார்டுக்கு அரை மணியில் நாலு சிநேகிதர்கள் கிடைத்துவிடுவார்கள். கழிவுத் தண்ணீர்க் குழாயில் ஆரம்பித்து அரசியல் வரை போவார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் தனியாக இருப்பதைவிட அது மோசம்.

பிரான்ஸில், நார்மண்டி முகாமில்தான் உங்கள் அப்பாவைச் சந்தித்தோம். சின்ன வண்டி அவருடையது, எடை குறைவு, ஸ்டிக்கர் தேவையில்லை. முதல் நாளே எங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து கிண்டலை ஆரம்பித்துவிட்டார்.

"என்ன எக்கார்ட், கண்ணு தெரியலன்னு நீயே மூணு இடத்துல எழுதி ஒட்டிக்கிட்டு வந்திருக்கே?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது வூப்போ. பிரெஞ்சுக்காரனுக்குத்தான் நம்பிக்கை வரல."

"வலப்பக்கத்துக்குத்தான் உன் பொண்டாட்டி இருக்காளே. ஹைட்ருன், சம்பளம் குடுக்கிறானா இவன்?"

எக்கார்ட் விழுந்து விழுந்து சிரித்தார். என்னோடு இருக்கும்போது அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை ஒளிக்கமாட்டேன். உங்கள் அப்பா நல்லவர். நான் பாத்திரம் கழுவும்போது தானே ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து துடைத்துத் தருவார். "இன்னிக்கு ரொம்ப அமைதியா இருக்கே ஹைட்ருன், உடம்பு சரியில்லையா?" என்று ஒரு நாள் கேட்டார். நான் எப்போதும் அமைதிதான் என்றேன். "இல்ல, இன்னிக்கு வேற மாதிரி அமைதி" என்றார். நான் கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

மூன்று கோடை இப்படிப் போயிற்று. மூன்றாவது கோடையின் முடிவில், நாங்கள் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், இருவரும் நாற்காலி போட்டு ஆப்பிள் மது குடித்துக்கொண்டிருந்தார்கள். எக்கார்ட் என்னைக் கூப்பிட்டார்.

"ஹைடி, ஒரு நல்ல சேதி. இந்தக் குளிர்காலம் வூப்போவும் நானும் போர்ச்சுகல் போறோம். ஒரே வண்டியில. நீ நிம்மதியா வீட்ல இரு."

உங்கள் அப்பா குறுக்கிட்டார். "அவளும் வரட்டுமே எக்கார்ட். இடம் இருக்கே."

"அவ வரமாட்டா. அவளுக்கு வீடுதான் சொர்க்கம். எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கா, வீட்டுக்குப் போலாம் வீட்டுக்குப் போலாம்னு. என்ன ஹைடி, சந்தோஷம்தானே?"

அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. எனக்குப் பரிசு கொடுப்பதாகவே நினைத்தார். வீட்டுக்குப் போகலாம் என்று நான் கேட்டதெல்லாம் அவரோடு போகலாம் என்றுதான். அதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். நான் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுக்கையைத் தட்டிப் போட்டேன். நவம்பரில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் விளக்குப் போட்டால் அணைக்கவே வேண்டாம். அந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்காமல் வசந்தம்வரை இருக்கப்போகிறேன் என்று நினைத்தபோது, பயந்தேன்.

அன்று மாலையே அவர் வண்டியைக் கழுவியிருந்தார், அதற்காக ஸ்டிக்கர்களை உரித்து வைத்திருந்தேன். காலையில் மறுபடி ஒட்டினேன். இடப்பக்கமும் பின்பக்கமும் நன்றாகத் துடைத்து ஒட்டினேன். வலப்பக்கம் பனி ஈரத்தைத் துடைக்காமல் அப்படியே மேலே வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். வழியில் விழுந்துவிடும், போலீஸ் பிடிக்கும், அபராதம் போடும், எக்கார்டுக்குப் பிரான்ஸே கசந்துபோகும், அதைத் தாண்டாமல் போர்ச்சுகல் போக முடியாது என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் என் திட்டம். சின்னப் புத்திதான், ஆனால் கொலைகாரப் புத்தி இல்லை. அதை நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் அப்பா ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் சைக்கிளில் எங்களோடு முகாமின் வாசல்வரை வந்தார். அங்கே சந்து பெரிய சாலையில் சேர்கிறது, நாங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பால் லாரி ஒன்று வந்துகொண்டிருந்ததால் எக்கார்ட் நிறுத்தினார். உங்கள் அப்பா எங்களுக்குப் பின்னால்தான் நின்றார். அவர் வழக்கமாகவே பின்னால்தான் நிற்பார், அந்த விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதையானவர். அப்போது ஸ்டிக்கரின் கீழ்மூலை பிரிந்து காற்றில் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். நண்பனுக்கு அபராதம் வரக்கூடாதே என்று முன்னால் வந்தார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்கள் அப்பா ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலை ஓரக்கல்லில் ஊன்றி, சைக்கிளில் இருந்தபடியே, உள்ளங்கையால் கீழிருந்து மேலாக நீவிவிட்டார். என்னைவிட நன்றாக ஒட்டினார், ஒரு குமிழி இல்லை. பிறகு நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தார். சிரித்தார். ஒரு நிமிஷம் பொறு என்று கையைக் காட்டினார்.

லாரி போய்விட்டது.

"வலப்பக்கம்?" என்றார் எக்கார்ட்.

"காலி" என்றேன்.

வழக்கமாகச் சொல்கிற அதே குரல். பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஆனால் உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் அங்கே இருக்கிறார் என்று சொன்னால் குளிர்காலம் முழுக்க நான் தனி. இல்லை என்று சொன்னால் தனி இல்லை. அந்த நேரத்தில் அது அவ்வளவு எளிதாகத் தெரிந்தது. உங்கள் அப்பாமேல் எனக்கு ஒரு துளி கோபம் இருந்ததில்லை. அவருக்கு வேதனை நீளவில்லை, அதற்கு நான் உறுதி சொல்வேன்.

"கல்லுல ஏத்திட்டேனா ஹைடி?" என்று எக்கார்ட் கேட்டார். அவர் இறங்கிச் சுற்றிப் போனார். அவர் போட்ட சத்தத்தை வார்த்தையில் சொல்ல முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

போலீஸ்காரர்கள் டேப் வைத்து ஸ்டிக்கரின் உயரத்தை அளந்தார்கள். சட்டப்படி சரியான இடத்தில் இருந்தது. அதன்மேல் உங்கள் அப்பாவின் கை பதிந்திருந்தது. ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் நின்றிருக்கிறார், அதைத்தான் அந்த ஸ்டிக்கரே சொல்கிறது என்று அதிகாரி மெதுவாக எக்கார்டுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு, பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்க்கச் சொன்னீர்களா என்று கேட்டார்.

எக்கார்ட் என்னை ஒரு தடவை பார்த்தார். "இல்லை" என்றார். "அவளைக் கேட்கவில்லை. அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது."

எனக்குக் கண்ணில் நீர் வந்தது. நான் கவனிக்காமல் தவறாகச் சொல்லிவிட்டதாக அவர் நினைத்தார். அந்தப் பழி என்மேல் விழக்கூடாது என்று தானே எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் செய்த முதல் காரியம் அது. அவருக்கு என்மேல் பிரியம் உண்டு என்பதை அந்தச் சாலையோரத்தில்தான் தெரிந்துகொண்டேன். வழக்கு முடிந்து, தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீதிமன்றத்திலும் அவர் அதையேதான் சொன்னார், இன்றுவரை என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வண்டியை விற்றுவிட்டோம். இப்போது காரை நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலப்பக்கத்தை நானே எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் சீட்டாடுகிறோம். மாத்திரை போடுவதால் அவர் எந்தச் சீட்டைப் போடுகிறோம் என்றுகூடப் பார்ப்பதில்லை, நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். தூக்கத்தில் உங்கள் அப்பா பேரைச் சொல்லி எழுந்திருப்பார். நான் கையைப் பிடித்துக்கொள்வேன், அவரும் இறுகப் பிடித்துக்கொள்வார். உப்பைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டார், வைத்ததைச் சாப்பிடுகிறார். இது நல்ல வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறது.

நீங்கள் காப்பியைத் தொடவே இல்லை. முகமும் வெளுத்திருக்கிறது, ரயிலில் வந்த அசதியாக இருக்கும். அப்பா போன பிறகு உங்களுக்கும் யாருமில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் சொன்னேன், தனியாக இருக்கிறவர்களுக்குத்தான் இது புரியும்.

கதவுச் சத்தம் கேட்கிறது, அவர் காலணியைக் கழற்றுகிறார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஹிஸ்கா. அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள், கட்டிக்கொண்டு அழுங்கள், அது அவருக்கு நல்லது. இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன்மேல் தப்பே இல்லை என்று தெரிந்துவிட்டால், மறுபடியும் கிளம்பிப் போய்விடுவார்.