பேட்டரிக்காரர்

ரிமோட் கார் வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் கஞ்சத்தனம் பார்க்கலாம். பேட்டரியில் மட்டும் பார்க்காதீர்கள்.

குழந்தைகள் உருட்டும் பொம்மையைச் சொல்லவில்லை. என் சகலை தரணீதரன் 2006இல் ஜெர்மனிக்குத் தன் சரக்கை வாங்கும் பையரைப் பார்க்கப் போனபோது வாங்கி வந்த காரைச் சொல்கிறேன். அரை மீட்டர் நீளம், நாலு கிலோவுக்குக் குறையாத கனம். எஞ்சின் எண்ணெயில் ஓடும். அப்புறம் எதற்குப் பேட்டரி என்பீர்கள். கையிலிருக்கும் ரிமோட் சொல்வதைக் காருக்குள் இருக்கும் ரிசீவர் கேட்க வேண்டும். கேட்டு ஸ்டியரிங்கையும் ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் அசைக்க வேண்டும். அதற்குத்தான். பேட்டரி செத்தால் கார் நிற்காது. அதன் காதுதான் போகும். கடைசியாகக் கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

சகலைக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, நான் இருந்தேன். அவர் பனியன் எக்ஸ்போர்ட்டர். அவர் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. அக்காளைக் கட்டியவன் நான், தங்கையைக் கட்டியவர் அவர். முறைப்படி என்னை அண்ணா என்று கூப்பிட வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, மாமனார் வீட்டில் சுண்ணாம்பு எனக்கு.

ஞாயிறு மதியம் முதலிபாளையத்தில், அவருடைய புது ஃபேக்டரிக்குப் பின்னால் தார் போட்ட காலி இடத்தில் கார் ஓட்டுவார். இரண்டு குடும்பமும் வரும். பேட்டரி என் பொறுப்பு. நாலு பென்சில் செல்லைப் பெட்டியில் அடுக்கிப் போடலாம்தான். குலுங்கலில் ஒன்று நகர்ந்தால் தீர்ந்தது. அதனால் ஐந்து செல்லைச் சேர்த்து ஒட்டி உறை போட்ட சார்ஜ் பேட்டரிதான் வாங்குவேன். அதையும் மீட்டரை வைத்துப் பார்த்து நம்பிவிடக் கூடாது. சும்மா கிடக்கும்போது எல்லா பேட்டரியும் ஜோராகத்தான் காட்டும். ஒரு பல்பைக் கொடுத்து எரியவிட்டால் சாயம் வெளுத்துவிடும்.

அதற்கு மேலும் ஒரு காவல் வைத்திருந்தேன். பேட்டரி செத்தாலும் ஆக்ஸிலேட்டர் தானாக மூடிக்கொள்ளட்டும் என்று, ஜட்டிக்குத் தைக்கும் எலாஸ்டிக்கில் ஒரு துண்டை வெட்டி இழுத்துக் கட்டியிருந்தேன். திருப்பூரில் எலாஸ்டிக்குக்கா பஞ்சம்.

ஒரு ஞாயிறு சகலை எல்லோர் முன்னாலும் குரல் கொடுத்தார். "ஏனுங்க பேட்டரிக்காரரே, வண்டி ரெடிங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அது கிடக்கட்டும். என் மனைவி இந்துமதி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும், "ஏனுங்க பேட்டரிக்காரரே, சோறு போடட்டுங்களா?" என்றாள். நான் சாப்பிட்டேன். என் யூனிட்டை ஒருநாளும் எட்டிப் பார்க்காதவள் அந்தக் காருக்குக் கை தட்ட ஞாயிறு தவறாமல் கிளம்பிவிடுவாள். நான் என்ன சொன்னாலும், "எதுக்கும் தரணி தம்பிய ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்பாள். நிலம் வாங்குவதானாலும் சரி, மிக்ஸி வாங்குவதானாலும் சரி. எனக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்றால் அது பொய்.

அடுத்த ஞாயிறு, ஒரு செல் செத்திருந்த பழைய பேட்டரியைப் போட்டேன். சகலையின் கார் எல்லோர் கண் முன்னாலும் நொறுங்கட்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்படித்தான் வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

நேர்த்தடம் முடிகிற இடத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் பேட்டரிக்குப் பாரம் கூடும். அங்கேதான் அது செத்தது. கார் முழு வேகத்தில் போய், ஓரத்தில் போட்டிருந்த பழைய டயரில் ஏறி எகிறியது. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இந்துவின் தலையில் அடித்தது.

கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது. பேச்சு வரவில்லை, வலது கையும் காலும் விளங்கவில்லை.

விபத்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சகலை அந்தக் காரைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கினார். பேட்டரியை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அண்ணா, நாந்தானுங்க பிரேக்கு புடிக்காம உட்டுப்போட்டேன். என்னை மன்னிச்சுருங்கண்ணா."

அண்ணா என்றார். தோளைத் தட்டி, "நடந்தது நடந்துபோச்சு, உடு கண்ணு" என்றேன்.

இந்துவை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டி, தலை சீவி, சோறு பிசைந்து ஊட்டுகிறேன். இந்தக் காலத்தில் எந்தப் புருஷன் இப்படிச் செய்வான் என்று சொந்தபந்தம் மெச்சுகிறது. அறைக்குள் நான் எங்கே நடந்தாலும் அவள் கண் என்னோடு வருகிறது. சில நாள் ஊட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டாள். என்னைச் சிரமப்படுத்துகிறோமே என்ற சங்கடம் போலிருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அன்று காலை எலாஸ்டிக்கையும் கழற்றியிருந்தேன். ஆஸ்பத்திரியில் சகலை அழுதபோது அது என் சட்டைப் பையில் இருந்தது.

நாற்காலியும் நான் போட்டதுதான். வழக்கமாக அவள் தங்கையோடு தள்ளி, ஷெட்டின் நிழலில் உட்காருவாள். அன்று நான்தான் டயருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக் கூப்பிட்டேன். "இந்து, இங்க வந்து உக்காரு புள்ள. வண்டி நேரா வர்றது நல்லாத் தெரியும்."

"சரீங்க" என்று உடனே எழுந்து வந்தாள். தரணி தம்பியைக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் சொன்னதைச் சொன்ன மாத்திரத்தில் அவள் கேட்டது அன்றைக்குத்தான். நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.